யூனி-டி யூடி210ஈ கிளாம்ப் மீட்டர்: பழைய டீசல் ஜீப் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

பழைய டீசல் ஃபோர்வீல் வண்டியை வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் பேட்டரியை எண்ணுவார்கள். ஒன்று இருந்தால் 12 வோல்ட், இரண்டு இருந்தால் 24 வோல்ட் என்பது கணக்கு. பாதி வண்டிகளில் இது சரியாக வரும். மீதிப் பாதியில் பணத்தைக் கரியாக்கும். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ரிலேயை மாட்டினால் காயில் சில நிமிடங்களில் கருகும். அதிலேயே 12 வோல்ட் வண்டிக்கான ஹீட்டர் பிளக்கை, அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைச் சூடாக்கும் பிளக்கைப் போட்டால் முனை வீங்கிப் பிளக் கழற்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும். சில சமயம் முனை ஒடிந்து ப்ரீ-சேம்பருக்குள்ளேயே விழும். பிறகு ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

யூனி-டி நிறுவனத்தின் யூடி210ஈ என்கிற சின்ன கிளாம்ப் மீட்டரை, அதாவது ஒயரை வாயால் கவ்வி கரண்டை அளக்கும் கருவியை, இந்த ஒரு வேலையை வைத்து மட்டும் இங்கே எடைபோடுகிறேன். வீட்டு ஒயரிங், ஏசி மெஷின் எல்லாம் வேறு விஷயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்குங்கள். ஆனால் அதன் வோல்ட் அளவுக்காக அல்ல, அதற்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி ஆம்பியரை ஒயரை அறுக்காமல் அளக்கிறதே, அதற்காக வாங்குங்கள். பழைய வண்டியின் ஒயரிங்கில் யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கருவியைப் பற்றி

உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. இரண்டு ஏஏஏ பேட்டரி. வாய் 17 மில்லிமீட்டர் வரை திறக்கும், ஆகவே சாதாரண பேட்டரி கேபிள் ஒன்று தாராளமாக உள்ளே போகும். இரண்டு மூன்றைச் சேர்த்து டேப் சுற்றிய கட்டு போகாது. ஏசி, டிசி இரண்டிலும் 2, 20, 100 ஆம்பியர் என மூன்று ரேஞ்ச். 2 ஆம்பியர் ரேஞ்சில் ஒரு மில்லியாம்பியர் வரை எண் காட்டும். டிசி ஆம்பியரை இவ்வளவு கீழே வரை காட்டுகிற கிளாம்ப் மீட்டர் இந்த விலை வரிசையில் அபூர்வம். பெரிய வாய் உள்ள 400, 600 ஆம்பியர் மீட்டர்கள் கீழ்முனையில் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவதில்லை.

இன்னொரு நல்ல குணம் பலர் கவனிக்காதது. சாதாரண மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் துளை என்று தனியாக ஒன்று இருக்கும். ஆம்பியர் அளந்துவிட்டு சிவப்பு ஒயரை அந்தத் துளையிலேயே விட்டு, அடுத்து பேட்டரியில் வோல்ட் பார்க்கத் தொட்டால் நேரடி ஷார்ட். ஃப்யூஸ் போகும், மலிவான மீட்டரென்றால் ஒயரே உருகும். யூடி210ஈயில் ஆம்பியருக்கு வாய்தான், துளை கிடையாது. பேட்டரி பக்கத்தில் நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறை என்ன? இது 2000 கவுண்ட் மீட்டர். அதாவது 19.99 வரைதான் இரண்டு தசம இடத்தோடு காட்டும். 12.64 என்று தெளிவாகக் காட்டுகிற அதே மீட்டர், 24 வோல்ட் வண்டியின் இரண்டு பேட்டரியையும் மொத்தமாக அளந்தால் 25.3 என்று ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அப்படித்தான் எப்படியும் அளக்க வேண்டும் என்பதால் இதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் ஈப்ராம் என்ற மெமரி சிப்பை மாற்றி எழுதி இதை 6000 கவுண்ட் ஆக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். காலிப்ரேஷன் எண்களும் அதே ஈப்ராமில்தான் இருப்பதால், பழைய தகவலைப் பத்திரமாகப் பிரதி எடுக்கத் தெரியாதவர் அதில் கை வைக்க வேண்டாம்.

முன்னால் ‘என்சிவி’ என்று ஒரு வசதி உண்டு. ஒயரைத் தொடாமலே கரண்ட் இருக்கிறதா என்று காட்டும். அது ஏசிக்கு மட்டும். வண்டி ஒயரிங்கில் அதை வைத்துப் பார்த்து ‘கரண்ட் இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி ஒன்றல்ல, மூன்று

‘வண்டி எத்தனை வோல்ட்?’ என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதால்தான் குழப்பமே வருகிறது. செல்ஃப் மோட்டார் எத்தனை வோல்ட், சார்ஜிங் எத்தனை வோல்ட், லைட்டும் மீட்டரும் எத்தனை வோல்ட் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக இல்லாத வண்டிகள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன.

டொயோட்டா லேண்ட் குரூசரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குப் போன டீசல்கள், பிஜே60, எச்ஜே61, பிஜே74 போன்றவை, முழு 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸில், அதாவது வோல்ட் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக. அதே குடும்பத்து வண்டி வேறு நாட்டுக்கு ஏற்றுமதியானபோது 12 வோல்ட்டாகப் போயிருக்கும். இன்ஜின் பெயரை வைத்து வோல்டேஜைச் சொல்ல முடியாது. 3பி இன்ஜின் இரண்டு வகையிலும் வந்திருக்கிறது. சேஸிஸ் பிளேட்டில் உள்ள மாடல் குறியீட்டைப் பார்த்து உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆஸ்திரேலியாவுக்குப் போன 80 சீரீஸ் டீசல்கள் மூன்றாவது ரகம்: வண்டி முழுக்க 12 வோல்ட், செல்ஃப் மட்டும் 24 வோல்ட். சும்மா நிற்கும்போது இரண்டு பேட்டரியும் பேரலலில், அதாவது வோல்ட் கூடாதபடி அருகருகே இணைந்து இருக்கும். சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கிற அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ஒரு சேஞ்ச்-ஓவர் ரிலே அவற்றைச் சீரீஸில் சேர்க்கும்.

அமெரிக்க ராணுவத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் நடுவில் செய்த சியுசிவி வண்டிகள் இன்னும் விசித்திரம். எம்1008 பிக்கப், எம்1009 பிளேசர், இரண்டிலும் 6.2 லிட்டர் டீசல். செல்ஃப் 24 வோல்ட், ரேடியோ 24 வோல்ட், லைட் எல்லாம் 12 வோல்ட். பேட்டரிக்கு ஒன்று என்று இரண்டு ஆல்டர்னேட்டர். அதில் ஒன்றின் மைனஸ் பாடியோடு சேராமல் தனியாக இருக்கும். டாஷ்போர்டில் ‘ஜென் 1’, ‘ஜென் 2’ என்று இரண்டு எச்சரிக்கை விளக்கு. அதே 6.2 இன்ஜின் போட்ட சிவிலியன் பிக்கப்பிலும் இரண்டு பேட்டரி இருக்கும், ஆனால் அவை பேரலல். வண்டி வெறும் 12 வோல்ட்.

லேண்ட் ரோவரில் இதற்கு நேர்மாறான பொறி இருக்கிறது. பழைய சீரீஸ் 2ஏ டீசலில் இரண்டு பேட்டரி, சீரீஸ் இணைப்பு. பார்த்தவுடன் 24 என்றே தோன்றும். ஆனால் அவை 6 வோல்ட் பேட்டரிகள், மொத்தம் 12. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் மூடியை எண்ணினால் தெரிந்துவிடும்: ஒரு பேட்டரியில் மூன்று மூடி என்றால் 6 வோல்ட், ஆறு மூடி என்றால் 12. போதாததற்கு 1960-களின் நடுப்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். கருப்பு முனையைப் பாடியில் வைத்து அளந்தால் மீட்டர் மைனஸ் 12.6 என்று காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் எஃப்எஃப்ஆர் வகை, அதாவது ரேடியோ பொருத்துவதற்கென்றே ஒயரிங் செய்த லேண்ட் ரோவர், 24 வோல்ட். அதன் பக்கத்திலேயே நிற்கிற சாதாரண ராணுவ லேண்ட் ரோவர் 12.

நம் ஊரில் மலைப்பாதைகளில் ஓடுகிற மஹிந்திரா எம்எம்540 போன்றவை ஒற்றை பேட்டரி, 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். அங்கே இந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் அளக்காமல் எதையும் நம்ப வேண்டாம். இலங்கையில் நிறைய ஓடுகிற 4டிஆர்5 இன்ஜின் மிட்சுபிஷி ஜீப்புகளும் ஜப்பானில் பயன்படுத்தி இறக்கியவை என்பதால், அங்கும் முதல் சந்தேகம் 24 என்றே இருக்க வேண்டும்.

மீட்டரை எடுக்கும் முன் கண்ணால்

இரண்டு பேட்டரிக்கும் நடுவே போகிற கேபிளைக் கையால் தடவிக்கொண்டே கடைசி வரை போங்கள். ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் மைனஸுக்குப் போனால் சீரீஸ். பிளஸ் பிளஸுக்கும் மைனஸ் பாடிக்கும் போனால் பேரலல். நடுவில் உள்ளங்கை அளவு ரிலே பெட்டி ஒன்று வந்து அதற்குள் மூன்று நான்கு தடிமனான கேபிள் நுழைந்தால், அது அந்த மூன்றாவது ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பேட்டரி பானெட்டுக்குள்ளும் மற்றது சீட்டுக்கு அடியிலும் இருக்கிற வண்டிகளில் கேபிளைப் பின்தொடர முடியாது. அங்கே மீட்டர்தான் வழி.

ஆல்டர்னேட்டர் பிளேட், செல்ஃப் மோட்டார் பிளேட், வைப்பர் மோட்டார், ஃப்ளாஷர், பல்பின் பித்தளை அடிப்பாகம் இவற்றிலெல்லாம் வோல்ட் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். நாற்பது வருட வண்டியில் செல்ஃப் மாறியிருக்கும், ஆல்டர்னேட்டர் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும். எளிதில் யாரும் மாற்றாத வைப்பர் மோட்டாரும், இன்-லைன் பம்ப் உள்ள டொயோட்டாக்களில் பம்ப் லீவரை இழுக்கிற எடிக் மோட்டாரும் நல்ல சாட்சிகள். ஹெட்லைட் ஆரஞ்சு நிறத்தில் மங்கி எரிந்தால் எல்லோரும் எர்த் சரியில்லை என்பார்கள். பல்பைக் கழற்றிப் பாருங்கள், 12 வோல்ட் வண்டியில் 24 வோல்ட் பல்ப் போட்டிருக்கலாம்.

அளக்கும் வரிசை

மோதிரம், உலோக வாட்ச் ஸ்ட்ராப் இரண்டையும் கழற்றி வையுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறிய மேல்பூச்சு வோல்டேஜ் ஏமாற்றும்.

முதலில் ஒவ்வொரு பேட்டரியின் இரண்டு கம்பத்திலும். முழு சார்ஜ் 12.6, 12.7, பாதி என்றால் 12.2 அளவில், 11.9க்குக் கீழே போனால் காலி. 10.5 பக்கத்தில் நின்றால் ஒரு செல் செத்திருக்கக்கூடும். அடுத்து கருப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத பாடி உலோகத்தில் அழுத்திவிட்டு, சிவப்பு முனையை ஒவ்வொரு பேட்டரியின் பிளஸிலும் வையுங்கள். இரண்டிலும் 12.6 என்றால் பேரலல். ஒன்றில் 12.6, மற்றதில் 25.2 என்றால் சீரீஸ். 12.6 காட்டுகிறது கீழ் பேட்டரி, அதாவது மைனஸ் பாடியோடு சேர்ந்தது, 25.2 காட்டுகிறது மேல் பேட்டரி. இந்தப் பெயர்களை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு தேவைப்படும்.

இங்கே நிறுத்தினால் சேஞ்ச்-ஓவர் ரிலே உள்ள வண்டி பேரலல் என்றே பெயர் வாங்கிவிடும். அதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. கருப்பு முனை பாடியில்; சிவப்பு முனை இரண்டாவது பேட்டரியின் மைனஸ் கம்பத்தில். பிளஸில் அல்ல, மைனஸில். சும்மா இருக்கும்போது பூஜ்ஜியம் காட்டும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பேரலல் வண்டியில் அது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே, கேபிளில் விழுகிற அரை வோல்ட் அளவில்தான் ஆடும். 24 வோல்ட் செல்ஃப் உள்ள வண்டியில் சட்டென்று 10 வோல்ட்டுக்கு ஏறும். ஏனென்றால் அந்த நொடியில் ரிலே அந்த மைனஸைப் பாடியிலிருந்து பிரித்து முதல் பேட்டரியின் பிளஸில் உட்கார வைக்கிறது. எண் வேகமாக மாறுவதால் கண்ணால் பிடிப்பது கஷ்டம். மொபைலில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கை ஃபேனுக்கு அருகில் கூடாது. பழைய டீசல் இன்ஜின், ஃப்யூவலை நிறுத்தி வைத்திருந்தாலும் சில சமயம் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் நேரடி விடை கிடைக்கும். நல்ல பேட்டரியோடு, அடிக்கும்போது 9.5 முதல் 10.5 என்றால் 12 வோல்ட் செல்ஃப். 18 முதல் 21 என்றால் 24. ரிலே ரக வண்டியில் இங்கே 10 மட்டும் வந்து இன்ஜின் முனகி முனகிச் சுற்றினால், ரிலே சீரீஸுக்கு மாறவில்லை. செல்ஃபைக் கழற்றி ஆர்மேச்சர் கட்டக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு, ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம் அளவில் வைத்து மறுபடி ஒவ்வொரு பேட்டரியாக. 12 வோல்ட் சார்ஜிங்கில் 13.8 முதல் 14.4. முழு 24 வோல்ட் சார்ஜிங்கில் மொத்தம் 27.6 முதல் 28.8, ஒவ்வொன்றும் அதில் சரிபாதி. ரிலே ரக வண்டியில் முதல் பேட்டரி 14, இரண்டாவது 12.4 என்று நின்றால் ரிலேயின் பேரலல் கான்டாக்ட் அழுக்கேறிவிட்டது. இரண்டாவது பேட்டரிக்குச் சார்ஜே போகவில்லை. சியுசிவியில் இதே எண்கள் வந்தால் அர்த்தம் வேறு: இரண்டு ஆல்டர்னேட்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. ஒரே எண்ணுக்கு வண்டிக்கு வண்டி பொருள் மாறும் என்பதால்தான் முதலில் ரகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

நடு டேப்பை, அதாவது இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து எடுத்த இணைப்பைப் பிடிப்பதில்தான் இந்த மீட்டர் மின்னுகிறது

24 வோல்ட் வண்டியில் ஒருவர் 12 வோல்ட் கார் ஸ்டீரியோ வைக்க ஆசைப்படுவார். கன்வெர்ட்டருக்குச் செலவு செய்ய மனம் வராது. கீழ் பேட்டரியின் பிளஸ் கம்பத்தில், இணைப்புக் கேபிளின் லக்குக்கு (முனை வளையத்துக்கு) மேலேயே இன்னொரு சின்ன ரிங் லக்கை மாட்டி அங்கிருந்து 12 வோல்ட் எடுத்துவிடுவார்கள். ஸ்டீரியோ அருமையாகப் பாடும். ஆனால் அந்த நாளிலிருந்து கீழ் பேட்டரி இரண்டு வேலை செய்கிறது, மேல் பேட்டரி ஒரு வேலை. ஆல்டர்னேட்டருக்கு மொத்தம் 28 வந்தால் போதும். உள்ளே யாருக்கு எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. கீழ் பேட்டரி 13 வோல்ட்டில் பட்டினி கிடக்கும், மேல் பேட்டரி 15 வோல்ட்டில் கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் போகும். கடைக்காரர் இரண்டு புதுப் பேட்டரி விற்பார், அதே கதை மறுபடி நடக்கும்.

இதை வோல்ட்மீட்டரால் சந்தேகிக்கத்தான் முடியும். கிளாம்ப் மீட்டர் உறுதிப்படுத்தும். சாவியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். மீட்டரை டிசி 2 ஆம்பியரில் வைத்து, கேபிளுக்குப் பக்கத்தில், ஆனால் கேபிள் வாய்க்குள் போகாமல் பிடித்து, ஜீரோ பட்டனை அழுத்துங்கள். இது முக்கியம், இந்த மீட்டரின் டிசி பூஜ்ஜியம் சூட்டுக்கும், பக்கத்து இரும்புக்கும், பிடிக்கிற திசைக்கும் ஏற்ப நகரும். மேஜையில் ஜீரோ செய்துவிட்டு இன்ஜின் அறைக்குள் கொண்டுபோனால் இல்லாத பத்து, இருபது மில்லியாம்பியரைக் காட்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் அதே இடத்தில், அதே திசையில் பிடித்து ஜீரோ செய்யும் பழக்கம் வேண்டும்.

பிறகு கீழ் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் கேபிளைக் கவ்வுங்கள். அடுத்து இரண்டு பேட்டரிக்கும் நடுவே உள்ள இணைப்புக் கேபிளை. சீரீஸ் இணைப்பில் இரண்டிலும் ஒரே கரண்ட்தான் ஓட வேண்டும். எர்த் கேபிளில் 0.480 ஆம்பியரும் இணைப்புக் கேபிளில் 0.015ம் காட்டினால், வித்தியாசமான 0.465 நடுவிலிருந்து எங்கேயோ போகிறது. ஸ்டீரியோ ஃப்யூஸைக் கழற்றியதும் வித்தியாசம் மறைந்தால் திருடன் அகப்பட்டான். ரிங் லக் சீட்டுக்கு அடியிலோ கார்பெட்டுக்குக் கீழேயோ ஒளிந்திருந்தாலும் இந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது. கரண்ட் போகும் திசைக்கான குறி மீட்டரின் வாயில் இருக்கிறது. இரண்டு கேபிளிலும் ஒரே திசையில் வைத்து அளங்கள், இல்லாவிட்டால் பிளஸ் மைனஸ் குழம்பும்.

சரியான தீர்வு 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர், அல்லது இரண்டு பேட்டரியையும் சமப்படுத்தும் ஈக்வலைசர். ஸ்டீரியோவும் மொபைல் சார்ஜரும் மட்டும் என்றால் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதும். அதன் பிளஸ் மேல் பேட்டரியின் பிளஸிலிருந்து, ஃப்யூஸோடு, மைனஸ் பாடியில். போட்ட பிறகு அதே இரண்டு கேபிளையும் மறுபடி கவ்விப் பாருங்கள், எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கே கைவிடும்

ஹீட்டர் பிளக்கில் இந்த மீட்டரை அதிகம் நம்ப முடியாது. பிளக்கின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் இருக்கும். அந்த அளவில் இதன் ஓம் ரேஞ்ச் வேறுபாடு காட்டாது. பிளக் அறுந்திருக்கிறதா இல்லையா என்பது வரை தெரியும், எத்தனை வோல்ட் பிளக் என்பது தெரியாது. உடம்பில் பொறித்த எண்ணைத்தான் படிக்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: பழைய டொயோட்டா பிளக்குகளில் 6, 10.5, 14, 20.5 என்றெல்லாம் எண் இருக்கும். அது பிளக்கின் வோல்ட், வண்டியின் வோல்ட் அல்ல. சூப்பர்-க்ளோ வகையில் 12 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பிளக், 24 வோல்ட் வண்டிக்கு 14 வோல்ட் பிளக். முதலில் முழு வோல்ட் கொடுத்துச் சட்டென்று சூடாக்கி, பிறகு ரெசிஸ்டர் வழியாகக் குறைப்பது அதன் முறை. 14 என்று பார்த்ததும் இது 12 வோல்ட் வண்டி என்று முடிவு செய்தால் கதை கந்தல். எச்ஜே61-இல் உள்ள 12எச்-டி இன்ஜினில் பிளக்கே கிடையாது, இன்டேக் ஹீட்டர்தான். தேடி நேரம் போக்க வேண்டாம்.

பிளக் எரிகிறதா என்று பார்க்க கிளாம்ப் உதவும். ஆனால் நான்கு பிளக்குக்கும் சேர்த்துப் போகிற மெயின் ஒயரில் தொடக்கத்தில் 100 ஆம்பியரைத் தாண்ட வாய்ப்புண்டு. பிளக்குகளை ஒன்றாக இணைக்கும் உலோகப் பட்டையான பஸ் பாரைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஒயர் கொடுத்துக் கவ்வினால் எது செத்தது என்று தெளிவாகத் தெரியும்.

செல்ஃப் அடிக்கும் கரண்டை இதில் அளக்க நினைக்காதீர்கள். டீசல் செல்ஃப் சில நூறு ஆம்பியர் இழுக்கும். இது 100-உடன் நின்றுவிடும். அதற்கு 400 அல்லது 600 ஆம்பியர் டிசி கிளாம்ப் தனியாக வேண்டும். வாங்கும்போது பெட்டியில் டிசி என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் கிடைக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி ஆம்பியர் மட்டும் அளப்பவை. யூடி210 வரிசையிலும் எழுத்து மாறினால் வசதி மாறும். கடைசி எழுத்து ‘ஈ’ தானா என்று படித்து வாங்குங்கள்.

மீட்டரோடு கூட ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கட்டும். எல்இடி வைத்த டெஸ்டர் வேண்டாம். 12-லும் 24-லும் ஒரே மாதிரி எரியும். 24 வோல்ட் 5 வாட் இழை பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். 24-இல் பளிச்சென்றும் 12-இல் சோம்பலாகவும் எரியும். தொடுகிற கான்டாக்டில் துரு இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. பல்ப் இழுக்கும், துருவேறிய ஃப்யூஸ் பெட்டியில் உண்மையைச் சொல்வது அதுதான்.

ஒற்றை பேட்டரி மஹிந்திரா வைத்திருப்பவருக்கு வோல்டேஜ் கண்டுபிடிக்க இந்தக் கிளாம்ப் மீட்டர் தேவையில்லை. அந்த பல்பே போதும். ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்ற புகார் இருந்தால் மட்டும் வாங்கலாம். இரண்டு பேட்டரி வண்டி பார்க்கப் போகிறவர் மீட்டர், பல்ப் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். விற்கிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: வண்டியைக் காலையிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லி. சூடாக ஓடிவந்து நிற்கிற வண்டியில் தளர்ந்த பேட்டரியும் 12.9 காட்டும், மோசமான ஹீட்டர் பிளக்கும் தெரியாது.